டென்மார்க் பிள்ளையைத் திருப்பி எடுக்கும்படி

கல்முனை,
09.06.1979

அன்பின் மச்சான் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு மாடு சுகம், கோழி சுகம், உங்கள் ராத்தா, என் வீட்டுக்காரி ஆயிஷா உம்மா மிக மிகச் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். கொழும்பில் தாங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்கத் துஆச் செய்கிறேன். நலமாயிருந்தால்தானே இதை முழுதாக வாசிக்கத் தாங்குவீர்கள்.

மகள் நதீராவின் விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. நல்லாய்ப் படித்துப் பாஸ் பண்ணிய பிள்ளை, ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் பெயரைக் கேட்டதற்கே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அது அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அதைக் கேள்விப்பட்டுத்தானே தாங்கள், உங்கள் இளைஞர் பரிமாற்றச் சங்கத்தால் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்பிள்ளையை அனுப்புகிறேன், மூன்று மாதம் கூட இருந்தால் நதீராவுக்குக் கதைக்கும் திறமை வளரும், பிறகு நதீராவும் அந்த நாட்டுக்குப் போய் வரலாம் என்று எழுதினீர்கள். வாய் திறந்தால் போதும் என்று நானும் சம்மதித்தேன். எவ்வளவு திறக்கும் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்த பிள்ளை இங்கிரிட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தலையில் சீலை போடுகிறாள், கையால் சாப்பிடுகிறாள், தமிழும் ஓரளவு விளங்கிக்கொள்கிறாள், மாசிச் சம்பலின் உறைப்புக்குக் கண்ணீர் வடித்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம்" என்கிறாள். ஆனால் அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இருக்கிறதே! குரல் திறக்க வேண்டுமாம், அதற்குக் கடலைப் பார்த்து நின்று தன் பெயரைத் தானே கத்த வேண்டுமாம். ஒரு பின்னேரம் இவளும் நதீராவும், வேடிக்கை பார்க்கப் போன அக்கம்பக்கத்துப் பெண்களும் வரிசையாக நின்று ஆளுக்காள் தங்கள் பெயரைக் கத்த, யாரோ கடலில் தாழுகிறார்கள் என்று நினைத்து மீன்காரப் பெனடிக் ஆட்களோடு இரண்டு தோணியைத் தள்ளி அலை தாண்டிப் போய்த் தேடியிருக்கிறார். கரையேறி நேரே என் வீட்டுக்கு வந்தார். "அங்க ஒருத்தரும் இல்ல காக்கா, ஆனா ஒங்கட மகள்ட பேர் இப்ப அங்கால ஒலுவில் ஊர் வரைக்கும் தெரியும்" என்றார்.

அது போகட்டும் என்றால் அடுத்தது அகப்பைப் பாடம். அகப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கதைக்கலாம், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கான பாடம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். உங்கள் ராத்தா வந்து அந்த அகப்பையை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்கினாள், மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமட்டும் கீழே வைக்கவில்லை. கலியாணம் முடித்த வருடம் நான் வாங்கிக் கொடுத்த பச்சைச் சீலை அவளுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லையாம், மச்சான்! நான் வாயெடுத்தால் "வாப்பா, ஒங்கட கையில அகப்பை இல்ல" என்று நதீரா. என்னுடைய வீட்டில், என்னுடைய காசில் வாங்கிய அகப்பை எனக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் சின்னக் கதை. போன வெள்ளிக்கிழமை சம்மாந்துறையிலிருந்து றம்லா என்ற நல்ல குடும்பத்துப் பெண்மணி தன் மகனுக்கு நதீராவைப் பார்க்க வந்தா. நான் திரைக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு காது கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

"மாமி, ஒங்கட மகனுக்கு என்ன விருப்பம்?" என்று நதீரா கேட்டது.

"அவனுக்கென்ன மகள், நான் என்ன சொல்றனோ அதான் அவன்ட விருப்பம்."

"என்ன உடுப்பு, என்ன சாப்பாடு, எங்க வேலை?"

"எல்லாம் நான்தான் பாக்கிற."

"அப்ப நான் ஒங்களையா மாமி கலியாணம் முடிக்கிற?"

கோப்பை என் கையில் இல்லை, மச்சான்; காலில் கிடந்தது. இங்கிரிட் "நல்ல கேள்வி!" என்று கை தட்டினாள். றம்லா வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழும்பிப் போய்விட்டா. ஊரில் எனக்குத் தலை காட்டேலாது. நீயே சொல்லு, இதுக்காடா நான் பிள்ளைய வளத்த? ஆத்திரத்தில் மரியாதை தவறிவிட்டது, மன்னித்துக்கொள்ளவும்.

ஆகவே இக்கடிதம் கண்டவுடன் இங்கிரிட்டைத் திருப்பி எடுக்க ஏற்பாடு செய்யவும். டென்மார்க்குக்குப் போகிறவர்கள் பட்டியலிலிருந்து நதீராவின் பெயரையும் வெட்டிவிடவும். இதில் மறுபேச்சு இல்லை.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், தகப்பன் கதைக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் தருவானாக.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்
அபுல் ஹஸன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை கந்தப்போடி, நீர்ப்பாசன எஞ்சினியரை ஜீப்போடு என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எங்கள் வயல் கண்டத்துக்கு இரண்டு கிழமையாகத் தண்ணீர் வரவில்லை, சிறுபோகப் பயிர் சிவக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சினியர் இங்கிலீசில் படபடவென்று விளக்கம் சொன்னார். வழமைபோல நாங்கள் தலையாட்டினோம். நான் "சேர்…" என்றேன். அதோடு நானும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து நதீரா வெளியே வந்தது. எந்த வாய்க்கால், எந்த வயல், எத்தனை குடும்பம் என்று அதே இங்கிலீசில், முகத்தைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னது. அவர் இடையில் புகப் பார்த்தார். "நான் முடிச்ச பிறகு நீங்க கதைங்க சேர்" என்றது. அவர் வாயை மூடிக்கொண்டார், மச்சான்! கந்தப்போடி என் தோளைப் பிடித்துக்கொண்டு "ஆர் இந்தப் பிள்ள?" என்று கேட்டார், தெரியாதவர்போல. "என்ட மகள்" என்று நான் சொன்னது ஒலுவில் வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்று பின்னேரம் தண்ணீர் வந்துவிட்டது. வயலுக்குள் இறங்கிக் காலை நனைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இங்கிரிட் அறுவடை முடியும்வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். நதீராவின் பெயரை வெட்ட வேண்டாம்; இது வரைக்கும் வாசிக்க முன்னமே வெட்டியிருந்தால் முதலாவதாக எழுதவும்.

இன்னொன்று, உங்கள் சங்கத்தில் இளைஞர் என்றால் எத்தனை வயது வரைக்கும் எடுப்பார்கள்? சும்மாதான் கேட்கிறேன். எனக்கு வருகிற மாசியில்தான் ஐம்பத்திரண்டு.