முன்கதவு மெஷினை மாற்றிக்கொள்ள அனுமதி கோரி

ஆவடி,
20-8-1994

மஸ்கட்டில் ஏ.சி. குளிரில் சுகமாக இருக்கும் மச்சான் சத்தியராஜுக்கு, ஆவடி வெயிலிலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கும் எட்மண்ட் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே நான், உன் அக்காள் செலின், நீ அனுப்பிவைத்த வாஷிங் மெஷின் ஆகிய மூவரும் நலம். அங்கே உன் நலத்தையும் தங்கச்சி ஜெயசீலி, பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல். மெஷின் வந்து மூன்று மாதமாகியும் மாமா ஒரு நன்றி எழுதவில்லையே என்று நினைத்திருப்பாய். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த மெஷின் எதையாவது செய்து என்னை எழுப்பிவிட்டது. இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தின் கடைசியில் ஒரு விண்ணப்பம் உண்டு. அதற்கு முன் நன்றியை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் உன் அக்காள் கோயில் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். மாவுக் கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "நான் சொல்ற வரைக்கும் துணி பிழியக் கூடாதும்மா" என்றார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். வலியாக்கும் என்று நான் மாத்திரை வாங்க ஓடினேன். ஆட்டோவில் வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. கோயில் பீடத் துணிகளையும், பூசையில் நற்கருணைப் பாத்திரம் துடைக்கிற சின்னத் துணிகளையும் இருபத்திரண்டு வருஷமாகத் துவைத்துக் கொடுப்பவள் அவள்தானே. "கை போனா போவட்டுங்க. கோயில் துணி அன்னம்மா கைக்குப் போயிடுமே" என்றாள். அன்னம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் நீலம் கொஞ்சம் தாராளமாகப் போடுவாள் என்பது உன் அக்காளின் நெடுநாளைய குற்றச்சாட்டு. அப்படியானால் நானே துவைத்துத் தருகிறேன் என்றேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு கைக்குட்டை நனைத்தவனில்லை என்பது வாஸ்தவம். இந்தக் கண்ணீர்க் கதையை நீ போனில் கேட்டுவிட்டுத்தான் கப்பலில் மெஷினை ஏற்றினாய். கூடப் பிறந்தவன் என்றால் நீதான். உன் கைக்கு ஆண்டவர் நூறு மடங்கு திருப்பித் தரட்டும்.

மெஷின் வந்து இறங்கியதும் முதலில் வந்து பார்த்தவர் பக்கத்து வீட்டு ஜெயராமன். ராணுவ வண்டித் தொழிற்சாலையில் அவர் பாகம் மாட்டும் பிரிவு, நான் பரிசோதிக்கும் பிரிவு. அவர் மாட்டியதை நான் கழற்றச் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் அப்படியே போய், இப்போது இருவரும் ஓய்வு பெற்று நண்பர்களாக இருக்கிறோம். அவர் வீட்டில் இருப்பது மேலே மூடி வைத்த மெஷின். அவர் நம்முடையதைச் சுற்றி வந்தார், குனிந்து கண்ணாடிக் கதவைத் திறந்து மூடினார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எட்மண்டு, தண்ணி நிக்கிற பாத்திரத்துக்கு எவனாவது பக்கத்துல வாசல் வெப்பானாய்யா? அண்டா, குண்டான், தவலை எல்லாத்துக்கும் வாய் எங்க இருக்குது, மேலதானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா? அண்டாவில் துணி முழுசாக முங்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இதில் துணியே புரண்டு புரண்டு தண்ணீரில் விழுந்து எழுவதால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மறுநாள் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூட உள்ளே வரவில்லை. குழாயில் வேகம் போதவில்லை. ஜெயராமன் மூடியைத் திறந்து பக்கெட்டால் ஊற்றி வேலையை முடிப்பதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, நானும் சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து இரண்டு பக்கெட் ஊற்றினேன். ஊற்றிய இரண்டு பக்கெட்டும் அதே வழியாகத் திரும்பி வந்து, கூடத்தைத் தாண்டி, கட்டிலுக்கடியில் இருந்த அரிசிச் சாக்கை நனைத்துவிட்டுத்தான் நின்றது. குழாய் வேலை பார்க்கும் வேம்புலியைக் கூப்பிட்டேன். அவன் அண்ணாந்து பார்த்து, "இன்னா சார், டேங்க்கு இம்மா தாழ்வா கீது, தண்ணி எப்டி உள்ள போவும்? மாடிப்படி மேல தூக்கி வெச்சாத்தான் வேலைக்கி ஆவும்" என்றான். டேங்கைத் தூக்கி வைத்தோம். இப்போது பாத்ரூம் குழாயிலும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது. அதற்கும் உனக்கே நன்றி.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பரிசோதகன் அறிக்கையில் மறைக்கக் கூடாது. கையேடு அரபியில் இருந்தது. படங்களும் இருந்தன. படம் பார்த்து வேலை செய்வது கற்றுக்குட்டிகளின் வழக்கம் என்பதால் நான் அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, முறைப்படி மெஷினின் பின்பக்கத்தைச் சோதித்தேன். நான்கு பெரிய போல்ட்டுகள். தொட்டுப் பார்த்தால் நான்கும் லேசாகத் தளர்ந்திருந்தன. முப்பது வருஷம் ராணுவ வண்டி பார்த்தவன் கண்ணில் தளர்ந்த போல்ட் பட்டால் சும்மா விடுவேனா? ஸ்பேனரை வைத்து, ஜெயராமன் பார்க்கும்படியாகவே, நான்கையும் உடும்புப் பிடியாக முறுக்கினேன். "ஃபாரின்காரன் அவசரத்தில் விட்டிருக்கிறான்" என்றும் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் சாதுவாகச் சுற்றியது. பிழியும் கட்டம் வந்ததும் ஒரு உறுமல், பிறகு ஒரு உதறல், பிறகு மெஷின் புறப்பட்டுவிட்டது. பின்கட்டிலிருந்து கூடத்துக்கு நடந்தே வந்தது மச்சான். நான் முன்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளினேன், அது என்னைத் தள்ளியது. உன் அக்காள் ஒற்றைக் கையில் ஜெபமாலையோடு சோபாவில் ஏறிவிட்டாள். "வயர இழுய்யா, வயர இழு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயராமன் கத்தினார். வயர் தானாகவே கழன்றுகொண்டதால் பிழைத்தோம். அந்த வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது முதல் கேள்வியாக, "மாமா, வழியில ஆடாம இருக்க பின்னாடி நாலு போல்ட் போட்டிருப்பான், கழட்டிட்டீங்கல்ல?" என்றாய். "அது எப்பவோ ஆச்சே" என்று சொன்னேன். அது பொய். போனை வைத்துவிட்டுத்தான் போய்க் கழற்றினேன். இதைச் சொல்லாமல் மூன்று மாதம் நற்கருணை வாங்கியிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

இனி கோயில் துணி. பாத்திரம் துடைத்த துணியை அலசும் முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, அதில் நற்கருணை அப்பத்தின் துகள் இருக்கும், செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும் என்ற ஒழுங்கு உனக்கும் தெரியும். உன் அக்காள் இருபத்திரண்டு வருஷமும் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்குத்தான் ஊற்றிவந்தாள். நான் கோயில் துணி துவைத்த முதல் நாள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். தண்ணீர் ஏறிய பிறகுதான் அவள், "முதல் தண்ணி எடுத்தீங்களா?" என்று கேட்டாள். கதவை இழுத்தேன். வரவில்லை. வேலை முடியும்வரை திறக்காது, அது அதன் கொள்கை. மேல்மூடி மெஷினாக இருந்தால் மூடியைத் தூக்கி, துணியை எடுத்து, தண்ணீரையும் மொண்டுகொள்ளலாம். நானோ கண்ணாடி வழியாகத் துணிகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டு, ஜெயிலில் ஆளைப் பார்க்க வந்தவன் மாதிரி நின்றேன். பிளக்கைப் பிடுங்கினேன். சில நிமிஷம் கழித்துப் பூட்டு விட்டது. கதவைத் திறந்ததும் தண்ணீர் முழங்காலில் அடித்தது. ஒரு சொட்டு விடாமல் துண்டால் ஒற்றி ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்து, மூன்று நடையாகச் செம்பருத்திக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். மறுநாள் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல்ல கையால ஒரு அலசு அலசிட்டு அப்புறம் மெஷின்ல போடுங்க எட்மண்ட்" என்றார். அன்றிலிருந்து அலசுவது நான். உன் அக்காள் எலாஸ்டிக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தரம்" என்று உத்தரவிடுவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாப் பூசையில் பீடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. துணியில் ஒரு சுருக்கமில்லை, ஒரு கறையில்லை, கண் கூசும் வெள்ளை. அன்னம்மாளே வந்து, "செலினக்கா, கையில்லாமயே இவ்ளோ வெளுப்பா?" என்றாள். உன் அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேலை அவள் கையைவிட்டுப் போகவில்லை மச்சான். நீ காப்பாற்றினாய்.

இப்போது விண்ணப்பம். ஜெயராமன் சம்சாரம் வனஜா அம்மாவுக்கு அவர்கள் மெஷின்மேல் வருத்தம். அது புடவைகளைக் கயிறாகத் திரித்துவிடுகிறதாம், தண்ணீரும் கிணறு கிணறாகக் குடிக்கிறதாம். நம்முடையது துணியைக் குழந்தை மாதிரி புரட்டுகிறதென்று ஆசைப்படுகிறார்கள். மாற்றிக்கொள்வோமா என்று ஜெயராமனே கேட்டார். நான் எனக்காகக் கேட்கவில்லை. அடுத்த மாதம் எட்டாம் தேதி மாதா பிறந்த நாள், துணி நிறைய வரும். நம் மெஷின் ஒரு தடவைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கிறது, அவர்களுடையது நாற்பதே நிமிஷம். குனிய வேண்டாம், மறந்துபோன துணியை நடுவில் போடலாம், கை சரியானதும் உன் அக்காள் நின்றபடியே தானே பார்த்துக்கொள்ளலாம். இப்போதோ பாவம், கதவில் கண்ணாடி இருப்பதால் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், முடிகிறவரை எழுவதில்லை. என்னையும் உட்காரச் சொல்கிறாள். நானும் மெஷின் மறுபடி நடந்துவிடுமோ என்ற பயத்தில் நகராமல் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியாதே, எதையாவது பேச வேண்டியிருக்கிறது. அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதே என் எண்ணம். உன் அன்பளிப்பு என்பதால் உன் சம்மதம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன். சரி என்று ஒரு வரி போட்டால் போதும்.

உன் வேலையும் உன் குடும்பமும் மாதாவின் முந்தானை நிழலில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஜெயசீலியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

என்றும் நன்றியுள்ள,
எட்மண்ட்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுவது. ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறார், கவரை ஒட்டி வை என்றார். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும், வலது கையால்தான் எழுதுகிறேன். ஜூன் மாதமே டாக்டர் கட்டை அவிழ்த்து, இனி போர்வையே பிழியலாம் என்று சொல்லிவிட்டார். நான்தான் இவரிடம் சொல்லவில்லை. ஷிப்டுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், தூங்குவார், முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் போனது. ரிட்டயர் ஆன பிறகு பேப்பரும் ஜெயராமன் அண்ணனும்தான். இந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் தன் அம்மா செத்த அன்று தான் ஏன் அழவில்லை என்று சொன்னார். நான் மேலே என்ன படிக்க ஆசைப்பட்டேன் என்று என்னைக் கேட்டார். நாற்பது நிமிஷத்தில் முடிகிற மெஷின் எனக்கு வேண்டாம். நீ சம்மதிக்காதே. உனக்குக் கோபம் வந்துவிட்டதாக நன்றாகக் காரமாக ஒரு கடிதம் எழுது, எட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். கோயில் துணிக்காக அழுதவள்தான் நான். இப்போது அன்னம்மாள் கேட்டால் அதைக்கூடப் பாதி கொடுப்பேன், இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டேன். நீ நல்லாயிருப்பாய் தம்பி. கேட் சத்தம் கேட்கிறது. கையில் கட்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.