அப்பளத்துக்கும் திருஷ்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலை நின்றுபோனது. பண்டிகை இல்லை, தொடர் விடுமுறையும் இல்லை. சாலையோரக் கல்யாண மண்டபத்துக்கு ஒரு கண்ணாடி வந்திருந்தது.

சாதாரணக் கண்ணாடியா? இமயமலைக் குகையில் நாற்பது வருடம் தவமிருந்த கண்ணாடி. கண்ணாடி எப்படித் தவமிருக்கும் என்று கேட்கக் கூடாது. செருப்போடு சேர்த்து அந்தக் கேள்வியையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். கொண்டுவந்தவர் மாதா சுயம்பிரேமா. ‘நீ இருக்கிறபடியே அழகு, உன்னை நீயே நேசி’ என்று அவர் பேசிய வீடியோவைக் குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக் களைத்திருந்தார்கள்.

வரிசையில் சுபத்ரா நின்றாள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பதினோரு வருடமாக ஸ்கூல் குரூப் போட்டோவில் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரியும். மீதியை வாட்டசாட்டமான பி.டி. மாஸ்டருக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். இந்த வருடப் போட்டோ செவ்வாய்க்கிழமை. அதற்குள் தன்னைத் தானே நேசித்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

கூடவே பொழிச்சலூர் டெய்லர் ஜோசலின். சுபத்ராவின் பிளவுஸ் அளவு தெரிந்த ஒரே ஜீவன். வேடிக்கை பார்க்க வந்தவள்.

“உங்க உடம்புல இருக்கிறது கொழுப்பு இல்லம்மா,” என்றார் மாதா மேடையில். “மத்தவங்க கண்ணு. நாத்தனார் பார்வை ரெண்டு கிலோ. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி பார்வை நாலு கிலோ. அதெல்லாம் நீக்கி, உள்ள இருக்கிற நிஜ உடம்பை இந்தக் கண்ணாடி காட்டும்.”

“அப்போ என்னை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல போலக்கா,” என்றாள் ஒல்லி ஜோசலின்.

நிபந்தனை ஒன்றுதான். உடம்பை வெறுத்த நாட்களின் அடையாளமாக ஒரு நகையைத் தட்டில் வைத்துவிட வேண்டும். அவமானம் கவரிங்கில் இறங்காது, தங்கம் உத்தமம்.

சுபத்ராவிடம் இருந்தது ஒற்றை வளையல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீட்டுக் கட்டி வாங்கியது. கை பருத்த பிறகு ஒன்பது வருடமாகக் கழலாதது. காலையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு, தோல் சிவக்க இழுத்துக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு ஏழடி தள்ளி ஒரு கோலம். அதைத் தாண்டக் கூடாது, சக்தி சுட்டுவிடும். மைக் பிடித்த மாதாவின் உதவியாளன் விக்கி, ஒவ்வொருவராகக் கோலத்தில் நிறுத்தினான். நின்றவர்கள் எல்லாம் அழுதார்கள். சுபத்ராவும் நின்றாள். எதிரே ஒருத்தி தெரிந்தாள். அவளுக்குக் கழுத்து இருந்தது. இடுப்பு இருந்தது. இடுப்புக்கும் கைக்கும் நடுவே காற்று போக வழியும் இருந்தது. சுபத்ரா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

“அதுதாம்மா நீ. பாரத்தை இறக்கி வை,” என்றார் மாதா.

தட்டில் வைக்குமுன் கடைசியாக ஒரு தடவை வளையலைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்காரியும் தூக்கினாள். அவள் கையில் இருந்தது முட்டை வடிவம்.

சுபத்ரா பதினெட்டு வருடமாக வட்டம் நடத்துகிறவள். தன் இடுப்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். வட்டத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டாள்.

வளையலைச் சுழற்றிப் பிடித்தாள். அப்போதும் முட்டை நிமிர்ந்தே நின்றது.

“மாதாஜி, என் வளையல் ஏன் இளைச்சிருக்கு?”

மண்டபம் சிரித்தது. மாதா சிரிக்கவில்லை. “பொன்னுக்கும் கண்ணு படும்மா.”

ஜோசலின் எழுந்து சமையற்கூடத்துக்குப் போய், பொரிக்காத அப்பளம் ஒன்றோடு திரும்பினாள்.

“இன்னா மேடம், சாப்பாடு அப்பால,” என்று விக்கி மறித்தான்.

“சாப்பிடத்தாம்பா. அதுக்கு முன்னாடி இதுக்கும் ஒரு தரிசனம்.”

சுபத்ரா அப்பளத்தை உயர்த்தினாள். கண்ணாடியில் அது மாங்கொட்டையாக ஒடுங்கி நின்றது.

“இதுக்கு எந்த நாத்தனார் கண்ணு வச்சா?” என்றாள் ஜோசலின்.

சுபத்ரா கோலத்தைத் தாண்டினாள். விக்கி கத்தினான். சக்தி சுடவில்லை. கண்ணாடியைக் குறுக்கே தடவினாள்: நடுவே எம்பி, இரண்டு பக்கமும் பின்னால் வளைந்திருந்தது. பொருட்காட்சியில் சிரிப்பதற்கு வைப்பார்களே, அந்த ரகம். அந்த மண்டபத்தில் மறைக்க வேண்டிய தொப்பை இருந்தது கண்ணாடிக்கு மட்டும்தான்.

பெண்கள் தட்டைச் சூழ்ந்தார்கள்.

“இத்தனை பேர் சந்தோஷத்துல அழுதாங்களே, அது பொய்யா?” என்றார் மாதா.

“இருக்கிறபடியே அழகுன்னீங்க,” என்றாள் சுபத்ரா. “அதுல உங்களுக்கே நம்பிக்கை இருந்தா, நேர் கண்ணாடி வச்சிருப்பீங்க.”

மாதா சமையற்கூடத்து வழியாகக் கிளம்பினார். கண்ணாடியை வேனில் ஏற்றிய விக்கி, சக்தி சுடாமலிருக்கக் கையுறைகூடப் போடவில்லை.

வாசலில் சுபத்ரா வளையலை மாட்டப் பார்த்தாள். விரல் முட்டியைத் தாண்டி ஏறவில்லை.

“சோப்பு வாங்கட்டுமாக்கா?”

“வேணாம். ஆசாரிகிட்ட கொடுத்து வளையலைப் பெரிசாக்கப் போறேன். நீயும் பிளவுஸை நிஜ அளவுல தை. மூச்சு விடணும்.”

செவ்வாய்க்கிழமைப் போட்டோவில் அவள் முன்வரிசையில், ஒரு நாற்காலியை முழுதாக நிரப்பி உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தக் கண்ணாடி வேறு ஊருக்கு, வேறு குகையின் பெயரோடு வரும். தாராளமாகப் போங்கள். போகும்போது கையில் ஓர் அப்பளம் இருக்கட்டும்.