நாலு பலகையில் ஒரு மக்ரோனி விருந்து

மனித குலம் கண்டுபிடித்த நெருப்பை இதுவரை முறையாகப் பயன்படுத்தியது எங்கள் கொம்யூன் ஒன்றுதான். பெயரைச் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கொம்யூன்கள் பொறாமைப்படும். புதுச்சேரியிலிருந்து ஏம்பலம் போகிற சாலையில் இருக்கிறது, அவ்வளவுதான். கொம்யூன் என்றால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஊராட்சி.

ஐப்பசி மாதம். ஒன்பது நாளாக மழை. ஏரி நிரம்பி, பலகை உளுத்துப்போன மதகு வழியாகச் சாமிக்கண்ணுவின் மூன்று காணி நடவுக்குள் 'விஜயம்' செய்துகொண்டிருந்தது. புதுப் பலகைகள் சித்திரையிலேயே வந்துவிட்டன. நாலும் தேக்கு. கொம்யூன் ஆபீசான கச்சேரியின் கூடத்தில் ஒரு சொட்டு மழை படாமல் இருந்தன. எஞ்சினியர் துரை கையெழுத்துப் போடாமல் அவற்றைத் தொடக்கூடாது. அரசாங்கச் சொத்தல்லவா!

அன்று மாலை துரையே கச்சேரி வாசலில் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் "பசி" என்றார். இருட்டுவதற்குள் புதுச்சேரி திரும்ப வேண்டுமாம். முதலில் சாப்பாடு, பிறகு கையெழுத்து.

எங்கள் மேர், அதாவது கொம்யூன் தலைவர், என் தாய்மாமன் சுப்பராயலு. உடனே 'அவசரக் கூட்டம்' கூட்டினார். வந்தவர்கள் அவரும் நானும்.

"துரைக்கு ரசத்த ஊத்தினா பிரான்சுக்கே அவமானம்டா" என்று பீரோவைத் திறந்து, நாலு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த மக்ரோனிப் பெட்டியையும், 'சொசீஸ்' என்கிற பன்றிக்கறி டப்பாவையும் எடுத்தார். நான் புதுச்சேரியில் காலேஜ் படிப்பவன். ஆகவே பெட்டியைப் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"கொதிக்கும் நீரில் பத்து நிமிடம்."

"பத்து நிமிசமா? அதுக்குள்ள நான் அரிசியே களைய மாட்டேன்" என்றாள் கச்சேரிச் சமையற்காரி தையலம்மாள். "அது கெடக்கட்டும். வெறகு பூரா நனைஞ்சி கெடக்குது. இன்னாத்த வச்சி எரிக்கிறது?"

மாமாவின் பார்வை கூடத்துப் பக்கம் போனது.

"மாமா, கையெழுத்தில்லாம அதத் தொடக்கூடாதே?"

"மதகுல மாட்டத்தான்டா கையெழுத்து. அடுப்புல வைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? காட்டு பாப்போம்."

தேடினேன். இல்லை. கோடரி எடுத்தேன்.

முதல் பலகையில் எண்ணெய் காய்ந்தது. தையலம்மாள் பாதி மக்ரோனியை அதில் போட்டுப் பொரித்தெடுத்தாள். "வத்தல்னு நெனச்சிட்டேன் தம்பி." இரண்டாம் பலகையில் மீதி வெந்தது, விரலில் நசுக்கிப் பதம் பார்த்துப் பார்த்து, களியாகும்வரை வெந்தது. மூன்றாவது, கத்தரிக்காய்க்கும் அவரைக்காய்க்கும். சொசீஸை அவள் தொட மாட்டேன் என்றதால், கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, நாலாவது பலகையில் நானே வறுத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நனைந்தபடி மாட்டு வண்டியோடு சாமிக்கண்ணு நின்றான். "எசமான், பயிரு முழுவுது. கையெழுத்து ஆச்சின்னா இப்பவே பலகைய ஏத்திக்கினு போயி அடைச்சிடுவேன்."

"இருப்பா! ஒனக்காவத்தான் இந்தச் சமையலே!" என்றார் மாமா.

"தேக்கு வாசனை அடிக்குதே எசமான்?"

"பிரெஞ்சு சமையல் அப்படித்தான்டா மணக்கும்."

களிமேல் காய், காய்மேல் சொசீஸ், சொசீஸ்மேல் மக்ரோனி வற்றல். துரை தட்டை வழித்தார். அடுப்பு மூட்டியதிலிருந்து மேசைக்கு இருபத்தெட்டு நிமிடம் என்று தெரிந்ததும் மாமாவின் கையைக் குலுக்கினார். "பலகைகளை உடனே பொருத்தவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். கார் கிளம்பியது.

சாமிக்கண்ணு உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனான். பிறகு அடுப்படிக்கு வந்தான். அங்கேயும் கொல்லையிலும் சாம்பலைக் குச்சியால் கிளறினான். பலகைகளில் கைப்பிடியாக இருந்த நாலு இரும்பு வளையங்களும் அகப்பட்டன. ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"ஆறட்டும்பா" என்றேன்.

"வளையம் ஆறும், ஏரி பொறுக்காதே தம்பி" என்று மாட்டைத் திருப்பினான்.

மறுநாள் கொம்யூன் ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டது. ஒரு துரைக்கு ஒருவேளைச் சாப்பாடு, இருபத்தெட்டே நிமிடத்தில். சாமிக்கண்ணு வீட்டின் ஒரு வருஷச் சோறும் அதே அடுப்பில்தான் எரிந்தது என்பதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. நல்ல பிரெஞ்சில் அந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.