எதிராளி வரக்கூடாத வழக்கு

இப்பத்தைய சனத்துக்குத் தும்மினாலும் சட்டத்தரணியின் கந்தோர் வேண்டும். அந்தக் காலத்தில் பெண்சாதியோடு ஒத்துவராவிட்டால் மனிதன் வயல் கொட்டிலில் போய்ப் படுப்பான், கதை முடிந்தது. முருங்கன் ஊர்ப் பாலசிங்கமும் அப்படித்தான் மாதக்கணக்காய்ப் படுத்திருந்தார். அலுமாரித் திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, மனைவியை நம்பிக் கொடுக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்ததில் வந்த சண்டை. சிவலட்சுமியோ மன்னாரில் சட்டத்தரணியைப் பிடித்துவிட்டாள்.

சட்டத்தரணி சுபத்திரா இருவரையும் கதிரையில் இருத்தினாள்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம் எண்டதுக்காக விவாகரத்துத் தரமாட்டினம், ஐயா. ஒராள் மற்றவரிலை குற்றம் சொல்லவேணும். நீங்கள் கைவிட்டிட்டுப் போனதெண்டு அம்மா சொல்லுவா. நீங்கள் மறுக்காதேங்கோ, நீதிமன்றத்துக்கும் வராதேங்கோ. சுகமா முடிஞ்சிடும்."

"நான் இல்லாத இடத்திலை என்னைப்பற்றிக் கதைப்பியள். நான் நம்பவேணும்?"

"ஓம்."

"நல்லாயிருக்கு!"

அழைப்பாணை கொண்டுவந்தவர் அவரைக் கொட்டிலில் காணவில்லை. 'கைவிட்ட' வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். சிவலட்சுமி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மழை வருது. ஒழுகினா ஆர் பாக்கிறது?" என்று மேலேயிருந்து சீறினார்.

"வீட்டுப் பக்கமே போகாதேங்கோ" என்றாள் சுபத்திரா. அவர் போகவில்லை. சிவலட்சுமி சோற்றைக் கொட்டிலுக்கே கொண்டுவந்தாள். ஊர் சிரித்தது.

வழக்கு நாள். அவள் தலைசீவி முடிக்கமுன் பஸ் போய்விட்டது. கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"ஏத்திக்கொண்டு போறியளோ?"

"கைவிட்டவன் ஏத்துறதோ?"

"அப்ப நடந்து போறன்."

மோட்டார் சைக்கிள் பாலம் கடந்து மன்னாருக்குள் நுழைந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே, ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடையடியில் அவளை இறக்கிவிட்டு அவர் திரும்பியிருக்கவேண்டும். திரும்பவில்லை. என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்க்க நீதிமன்றத்துக்குள்ளே கடைசி வாங்குப் பலகையில் போய்க் குந்தினார்.

சுபத்திரா எழுந்தாள். "எதிராளி மனைவியைக் கைவிட்டவர். மனைவியில் எந்த அக்கறையும் இல்லாதவர். அலுமாரித் திறப்பைக்கூட நம்பிக் கொடுக்காதவர்..."

"பொய்!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யார் நீங்கள்?"

"கைவிட்டவன், ஐயா! ஓடு மாத்தினது ஆர்? இண்டைக்கு இவளை ஏத்திக்கொண்டு வந்தது ஆர்? திறப்புத்தானே?" இடுப்பிலிருந்து அவிழ்த்து, அத்தனை பேருக்கும் முன்னால் சிவலட்சுமியின் கையில் வைத்து அமுக்கினார். "இந்தா! இப்பச் சொல்லு, கைவிட்டனானோ?"

"இல்லை" என்றாள் சிவலட்சுமி, தலையைக் குனிந்துகொண்டு.

வழக்கு அங்கேயே விழுந்தது. சுபத்திரா பேனாவை மூடினாள்.

பாலசிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். சட்டம் படித்தவளைத் தனியாளாய் மடக்கியவர்! ஆதம்பாவா இரண்டு பிளேன்ரீயை நீட்டினார்.

"நான் கேக்கேல்லையே?"

"சிவலட்சுமி அக்கா காலையிலேயே சொல்லிட்டுப் போனா. 'கைவிட்டவர் எண்டு சொன்னா அந்த மனுசன் பொறுக்கமாட்டார். கத்தி, வழக்கைக் குழப்பி, திறப்பையும் தந்துபோட்டுத்தான் வருவார். தொண்டை காயும், ரெண்டு பிளேன்ரீ ஊத்தி வையுங்கோ' எண்டு."

"பொய்" என்றார் பாலசிங்கம். தேத்தண்ணியைத் தொடாமல் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். கை மட்டும் வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே போனது.