வேலையை நிறுத்திய ஜீன்

ஆராய்ச்சி செய்கிறவனிடம் என்ன ஆராய்ச்சி என்று மட்டும் கேட்கக் கூடாது. சொல்லிவிடுவான். நானும் பல கல்யாண வீடுகளில் சொல்லி, கேட்டவர்கள் பந்திக்கு எழுந்து ஓடுவதைப் பார்த்து அலுத்துப் போனவன்தான். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

என் ஆராய்ச்சி செஸ்ட்ரின் 2 என்ற ஜீனைப் பற்றியது. அது உண்டாக்கும் புரோட்டீன், செல்லுக்குள் சத்து வந்திருக்கிறதா என்று பார்க்கும். வராவிட்டால் வளர்ச்சி வேலையை நிறுத்திவைக்கும். (இதைக் கண்டுபிடித்தவன் நானில்லை. சரிதானா என்று வருடக்கணக்காகச் சரிபார்த்துக் களைத்தவன்.)

அந்தக் களைப்போடுதான் நான் காதலித்த கீதாவைப் பெண் கேட்கப் போனேன். அவள் அப்பா தணிகாசலத்துக்கு மரக்காணத்தில் உப்பளம். "மேகம் கட்டுது தம்பி. உப்பை வாரிட்டுப் பேசலாம், அங்கயே வந்துடுங்க" என்றார் போனில். பாதிச் சம்மதம் கிடைத்த நினைப்பில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வரப்பில் நின்றேன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையக்கா நிமிர்ந்தார். "ஏம்பா, நீ இன்னா படிக்கிற?"

எளிமையாகச் சொல்ல வேண்டுமே. "செல்லுன்றது இந்த உப்பளம்க்கா. அந்தப் புரோட்டீன் மேஸ்திரி. பருப்பு, முட்டைல லியூசின்னு ஒரு சத்து இருக்குது. அது உள்ள வரலைன்னா வேலையை நிறுத்துன்னு சொல்லிடும்."

"காலைல வெறும் டீதான் குடிச்சோம். அதுல இருக்குதா அது?"

புத்தியுள்ள எவனும் இருக்குது என்று சொல்லியிருப்பான். பின்னால் வருங்கால மாமனார் நிற்கிறார், எதிரே கடல் கறுத்துக்கொண்டு வருகிறது. ஆனால் விஞ்ஞானி பொய் சொல்லக் கூடாதாம்.

"இல்லக்கா" என்றேன்.

அஞ்சலையக்கா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "மொதலாளி, உங்க மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. முட்டை வரட்டும்."

"இவன் இன்னும் மாப்பிள்ளை ஆவல" என்றார் தணிகாசலம். (தம்பியாக இருந்தவன் 'இவன்' ஆகிவிட்டேன்.) "நீயே போய் வாங்கினு வாடா." (அதற்குள் டா.)

மெயின் ரோட்டுக் கடையில் முட்டை அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. அது வெந்து, நான் வாங்கித் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பதறி எழுந்து வாரினார்கள். நானும் வெள்ளைச் சட்டையோடு இறங்கி வாரினேன். பாதிக்குப் பாதி உப்பு எங்கள் கண்ணெதிரே கரைந்து போனது. தணிகாசலம் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். கீதா எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

கீதாதான் வீட்டில் வாதாடியிருக்கிறாள். "உங்க முன்னாடி நின்னும் பொய் சொல்ல வரல அவனுக்கு. என்கிட்ட எப்படிப்பா சொல்லுவான்?" அவர் ரொம்ப நாள் யோசித்துத்தான் தலையாட்டினார்.

கல்யாணம் நடந்தது. உப்பளத்தில் காலை டீயோடு அவித்த முட்டையும் நிலைத்துவிட்டது. அதற்கு அங்கே 'மாப்பிள்ளை' என்று பெயர். மாப்பிள்ளை வந்தால்தான் பாத்தியில் இறங்குகிறார்கள்.

போன மாதம் காலையில் அந்தப் பக்கம் போனேன். "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று யாரோ குரல் கொடுக்க, அஞ்சலையக்கா கையைக் கழுவிக்கொண்டு வேகமாக வந்தார். என்னைப் பார்த்தார், என் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஏம்பா, நீ மட்டுந்தானா?" என்றார்.