யென்சனுக்கு நான் போட்ட மாலை

மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தராத பரம்பரை எங்களுடையது. கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச என் அப்பா எழுந்தால், சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாராம். அந்த ரத்தம் மெல்பர்ன் குளிரிலும் உறையவில்லை என்பதுதான் என் கெட்ட நேரம்.

எழுபதுகளில் நானும் என் மனைவி ரூபியும் இங்கே வந்து இறங்கியதும் ஒரு லுத்தரன் கோயிலைத் தேடினோம். கிடைத்தது டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள் ஆரம்பித்த சபை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் தரங்கம்பாடிக்காரன், ஐயா! டேனிஷ் ராஜா அனுப்பிய மிஷனரிகள் வந்து இறங்கியதே எங்கள் கடற்கரையில்தான். இவர்கள் ஆஸ்திரேலியாவில் கால் வைப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே நாங்கள் லுத்தரன். (வாராவாரம் இதை யாரிடமாவது சொல்லாமல் நான் காபி குடித்ததில்லை.)

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தானோ என்னவோ, சபையின் ஆண்டுவிழாவில் அதன் வரலாற்றைப் பேசச் சொல்லி போதகர் என்னையே கேட்டுவிட்டார். நேற்று வந்த கறுப்பு ஆளுக்கு மேடை! நாங்கள் விருந்தாளிகள் இல்லை, சொந்தக்காரர்கள் என்று அன்றைக்கே காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

சபையின் மூத்த அம்மாள்களைப் பிடித்து விசாரித்தேன். எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: யென்சன். தச்சர். முதல் ஆராதனை அவருடைய பட்டறையில்தான் நடந்தது. பிரசங்க பீடம் அவர் கையால் இழைத்தது. “அவரை மாதிரி ஒரு ஆள் இனி வருமா!” என்று ஒரு அம்மாள் பெருமூச்சு விட்டார். கூடத்துச் சுவரில் உயரத்தில் அவர் படம், பெரிய மீசையோடு. கீழே பூச்சாடி, மெழுகுவர்த்தி. நம்ம ஊர்க்காரனுக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ரூபி மட்டும், “என்னங்க, அவர் எப்ப தவறிப்போனாருன்னு கேட்டீங்களா?” என்றாள்.

“அதெல்லாம் போய்க் கேக்கக் கூடாது, மனசு கஷ்டப்படுவாங்க” என்றேன். அவளும் என்னை நம்பி, கொல்லையில் பூத்த செவ்வந்தியைப் பறித்து மாலை கட்டிக் கொடுத்தாள், பாவம்.

விழாவில் தரங்கம்பாடியில் தொடங்கிய நான் மெல்பர்ன் வந்து சேரவே அரை மணி ஆயிற்று. பிறகு குரல் தழுதழுக்க யென்சனைப் பற்றிப் பேசினேன். “அந்த மாமனிதர் இன்று நம்மோடு இல்லை” என்று சொல்லி, நாற்காலியில் ஏறி, படத்துக்கு மாலையைப் போட்டேன். எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்றேன்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே எழுந்தது. அன்று காலைதான் குவீன்ஸ்லாந்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு கிழவர், முன்வரிசையில் கைத்தடியை ஊன்றி எழுந்து, பயபக்தியோடு தலை குனிந்தார். காது மந்தம் போலிருக்கிறது. கூடமே அதிரும்படி மகளிடம் கேட்டார்.

“யார் செத்தது?”

“நீங்கதான், அப்பா!”

நாற்காலியில் நின்றபடியே படத்தைப் பார்த்தேன், கிழவரைப் பார்த்தேன். மீசைதான் வெளுத்திருந்தது. ஆள் அதே ஆள். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடிக்க, கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ரூபி கைப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தரங்கம்பாடியின் மானம் கப்பலேறிவிட்டது, இனி வேறு கோயில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

யென்சன் மெல்ல என்னிடம் வந்து கையை நீட்டினார். மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“நான் செத்ததைத் தவிர இவன் சொன்னதெல்லாம் சரி. உட்காருங்கள், மிச்சத்தையும் கேட்போம். உயிரோடு இருக்கிறவனைப் பற்றி நீங்கள் யாரும் இப்படிப் பேசியதில்லை.”

மிச்சத்தையும் பேசினேன். ஒரு வரி விடவில்லை. பிறகு காபி குடிக்கும்போது யென்சன் என் தோளைப் பிடித்தார். “நிஜமாகவே போகும்போதும் நீதான் பேச வேண்டும். இதே பேச்சுதான். கொஞ்சம் சுருக்கிக்கொள்.”

சில வருஷம் கழித்து அவர் மகளிடமிருந்து போன் வந்தது. அவர் இழைத்த பீடத்தில் நின்று பேச நான் எழுந்தபோது ரூபி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். “இந்தத் தடவை நல்லா விசாரிச்சுட்டீங்கள்ல?” என்றாள். அழுதுகொண்டேதான் பேசினேன். சுருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது தவறிய செய்தி வந்தால், “நெஜமாவா, யென்சன் மாதிரியா?” என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். ஆண்டுவிழா தவறாமல் அந்தப் படத்துக்குச் செவ்வந்தி மாலை விழுகிறது. அதை நான்தான் போட வேண்டும் என்பது சபையின் ஏகமனதான முடிவு. புதிதாக வந்திருக்கும் இளம் போதகர், இது டென்மார்க்கிலிருந்து வந்த பழைய வழக்கம் என்று விருந்தாளிகளுக்கு விளக்குகிறார்.

நான் மறுப்பதில்லை.