நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மருமகன் எமில்ராஜுக்கு மாமா நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது,

நீரும் மனைவி பிள்ளைகளும் பாரிஸில் சுகபலத்தோடு இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கே உமது மாமி யோசப்பினுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை. மற்றதெல்லாம் குழப்பம். குழப்பத்துக்குக் காரணம் நீர் அனுப்பிய புத்தகப் பொதி. ஆகவே முதலில் அதற்கு நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற மனிதர், சும்மா இருக்காமல் வாசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அனுப்பினீர், தெரியும். இரண்டு நாவல், ஒரு தன்வரலாறு. முதல் நாவல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாயகன் முதலாம் பக்கத்தில் யன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்குகிறான். தொண்ணூறாம் பக்கத்தில் தேத்தண்ணி வருகிறது. நூற்றுப்பத்தில் அது ஆறிப்போகிறது. அதற்காக இன்னும் இருபது பக்கம் துக்கப்படுகிறான். நான் கதிரையில் இருந்து வாசித்து, பிறகு சரிந்து வாசித்து, கடைசியில் கட்டிலில் கிடந்து வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிட்டேன். புத்தகம் முகத்தில் விழுந்து கண்ணாடியின் ஒரு கால் முறிந்தது. மீதி நானூறு பக்கத்தையும் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு முடித்தேன். அவன் கடைசிவரை அந்த யன்னலை விட்டு எழும்பவில்லை.

இரண்டாவது நாவல் எங்கள் குருநகர்க் கடற்கரையிலேயே நடக்கிறது என்று அட்டையில் போட்டிருந்தபடியால் ஆசையோடு எடுத்தேன். அதில் நாயகன் விடிய வெள்ளாப்பில் தூண்டில் போட்டு ஒரு கடகப் பெட்டி நிரம்பச் சூடை மீன் பிடித்து வருகிறான். நான் முப்பத்துநான்கு வருஷம் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். விரல் நீளச் சூடையைத் தூண்டிலில் பிடிக்க வெளிக்கிட்டால் கடகம் நிரம்ப முன்னம் அவனுக்குப் பென்சன் வயது வந்துவிடும். இதை எனக்குள் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் இங்கே பக்கத்தில், திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டிலில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாசகர் வட்டம் கூடுகிறது. அதை நடத்துகிற சுபாஸ்கரன், வருகிற பதினைந்து பேரில் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி என்னைப் பேச விட்டார். நானும் எழும்பிச் சூடையைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் எழும்பி, அந்தச் சூடை ஒரு குறியீடு என்றார். குறியீடாக இருந்தாலும் வலை போட்டுத்தானே பிடிக்கவேணும் என்று நான் கேட்டேன். சனம் சிரித்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போனார். அவர்தான் அந்த நாவலை எழுதியவராம், நோர்வேயிலிருந்து லீவில் வந்து நின்றாராம். இதை ஒருவராவது எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஆபத்தில்லாத புத்தகமாக எடுப்போம் என்று சுபாஸ்கரன் கெஞ்சினார். தன்வரலாறு என்றால் நல்லது, அவரவர் பட்டதை எழுதியிருப்பார்கள், பிழை பிடிக்க ஒன்றுமிராது என்பது அவருடைய எண்ணம். பொதியில் மிச்சமிருந்தது உம்மைப் பெற்ற கொப்பர் சிமியோன் எழுதிய தன்வரலாறுதானே. என் மச்சான் எழுதிய புத்தகம் என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லிவிட்டே நான் அதை எடுத்துக்கொண்டு போனேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்வரை அது அருமையான புத்தகம். பாரிஸில் முதல் குளிர்காலத்தில் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தது, சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவும்போது விரல் மரத்துப்போய் மோதிரம் விழுந்ததே தெரியாமல் நின்றது, இதெல்லாம் வாசித்து நான் அழுதிருக்கிறேன். யோசப்பின் கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னேன். நான் வெங்காயம் உரிக்கிற ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு வருகிறது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, தன்னைப் பெற்ற தாயைத் தோளில் சுமந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததாகக் கொப்பர் எழுதியிருக்கிறார். எமில்ராஜ், அவர் எண்பத்தொன்பதிலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். எங்கள் கலியாணத்துக்கே அவர் அனுப்பிய ஒரு சுவர் மணிக்கூடுதான் வந்தது, அவர் வரவில்லை. உமது ஞானஸ்நானப் படம் எங்கள் சுவரில் தொங்குகிறது. கொப்பர் குளிர்க்கோட்டோடு உம்மைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே 29.10.95 என்று இருக்கிறது. மறுநாள் இங்கே உமது அப்பம்மாவை என்னுடைய சைக்கிள் கரியரில் இரண்டு தலையணை கட்டி இருத்தி, நான் ஹாண்டிலைப் பிடித்து உருட்ட, யோசப்பின் பின்னால் அவவைத் தாங்கிப் பிடிக்க, அந்தப் பாலத்தைக் கடக்க மட்டும் ஆறு மணித்தியாலம் எடுத்தது. மழை உண்மை. பாலம் உண்மை. தோள் மட்டும் பொய்.

இந்தப் பக்கத்தைப் பேசாமல் தாண்டிப் போய்விடுவோம் என்றுதான் கூட்டத்துக்குப் போனேன். ஆனால் சுபாஸ்கரன் அந்தப் பக்கத்தையே எடுத்து உருக்கமாக வாசித்தார். நான் எழும்பிவிட்டேன். ஞானஸ்நானத் திகதி, சைக்கிள், தலையணை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ அதைப் போனில் படம்பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துசேர முன்னமே பாரிஸ் பார்த்துவிட்டது.

யோசப்பின் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நேரத்துக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் தமையன் பாரிஸிலிருந்து போன் எடுப்பார், முப்பது வருஷமாக அப்படி. இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. இரண்டு நாளும் போனை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை இருந்தாள். மூன்றாம் ஞாயிறும் வரவில்லை. அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“நீங்கள் சொன்னதிலை பொய் இல்லை. ஆனா அண்ணை அம்மாவின்ரை செத்தவீட்டுக்குக்கூட வரேலாமல் கிடந்தவர். வந்து தூக்கியிருக்க வேணுமெண்டு நினைச்சு நினைச்சு, கடைசியிலை தூக்கினமாதிரியே அவருக்கு ஆகிப்போட்டுது. அதைப் போய் உந்தச் சனத்துக்கு முன்னாலை பறிச்சுப்போட்டியள்.”

அவள் சொன்னது எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும் என் இடுப்பு அந்தப் பாலத்தில் பிடித்தது, இன்றைக்கும் விடவில்லை. நினைத்ததை எல்லாம் அச்சடித்தால் நடந்ததை எங்கே அச்சடிப்பது? ஆகவே கொப்பரிடம் நீர் பக்குவமாகச் சொல்லவேண்டும்: இரண்டாம் பதிப்பில் அந்த இடத்தில் ஒரேயொரு வரி, மைத்துனர் நீக்கிலாப்பிள்ளை சைக்கிளில் கொண்டுபோனார் என்று, திருத்திப் போடட்டும். போட்டால் நான் அதே கொட்டிலில் எழும்பி மன்னிப்புக் கேட்கிறேன். போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குப் போன் எடுக்கச் சொல்லும். எனக்கு இனிமேல் புத்தகம் அனுப்பவேண்டாம். இடுப்புக்குப் பூசுகிற தைலம் அனுப்பும்.

மாதாவின் காவல் உமது வீட்டின் மேலும், குளிரில் வேலைக்குப் போய்வரும் எல்லார் மேலும் இருப்பதாக.

இப்படிக்கு,
உமது மாமா
ச. நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: கடித உறையில் விலாசம் எழுதத் தரச்சொல்லி வாங்கிய உமது மாமி, கடிதம் முழுவதையும் நின்றநிலையில் வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு, “எல்லாம் வடிவாய் எழுதியிருக்கிறியள். பாலத்திலை அம்மா உங்களை என்னெண்டு கூப்பிட்டவ எண்டதை ஏன் விட்டனியள்?” என்று கேட்டாள். நான் அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பின்னால் வந்த அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கவில்லை. அப்பம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியவில்லை. பாலத்தில் ஏறினதிலிருந்து என்னைச் சிமியோன் என்றே கூப்பிட்டா. இரண்டுதரம், நான் நீக்கிலாப்பிள்ளை, மாமி என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாந்தரம், “சிமியோன், களைச்சுப்போனியோ ராசா” என்று முதுகைத் தடவினா. “இல்லையம்மா” என்று சொன்னேன். சாவகச்சேரியில் கண்மூடும்வரை, மகன்தான் வந்து கூட்டிக்கொண்டு வந்தவன் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. ஆகவே மேலே கேட்ட திருத்தம் வேண்டாம். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். இதைக் கொப்பருக்கு நீரே வாசித்துக் காட்டும், எனக்குப் போனில் சொல்ல வராது.